புஜ்ஜி சாப்பிட்டாள் என்று சொன்னேன்

தம்பி,

உன்னால் இதைப் படிக்க முடியாது என்று தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். பேசினால் எல்லாம் உனக்குப் புரியும், எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் நாங்கள் சொல்லித் தரவில்லை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாம் தெலுங்கும் ஹிந்தியும் படித்தார்கள், நீயும் படித்தாய், அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அதனால் இதை உன் அப்பாதான் ஃபோனில் உனக்கு வாசித்துக் காட்டப் போகிறார். இங்கிலீஷில் எழுதியிருந்தால் உனக்கு நேராக வந்து சேர்ந்திருக்கும். ஆனால் இதில் உனக்குச் சொல்ல வேண்டியது பாதி, அவருக்குச் சொல்ல வேண்டியது பாதி. அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் முப்பத்தைந்து வருஷமாக எனக்கு வரவில்லை. அவர் குரலிலேயே வரட்டும் என்று விட்டுவிட்டேன். நடுவில் அவர் வாசிப்பது நின்றால் நீ அவசரப்படுத்தாதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ ஸ்ரவந்தியிடம் என்ன சொன்னாய்? "டாக்டரே கைய விரிச்சிட்டாங்க. எங்க அம்மாதான் புஜ்ஜிய விடல, பிடிவாதமா நின்னு காப்பாத்துனாங்க" என்றாய். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண் அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "க்ரேட் அத்தம்மா" என்றாள். நான் குக்கர் சத்தம் கேட்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் குக்கரே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவளைக் காப்பாற்றவில்லை, தம்பி. இன்னும் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நானேதான் அவளைக் கொன்றிருப்பேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ டொரான்டோவுக்குக் கிளம்பும்போது உன் பூனை புஜ்ஜியை அட்டைப்பெட்டியில் வைத்து, கச்சிபௌலியில் நீ இருந்த அறையிலிருந்து சைனிக்புரியில் நம் வீடு வரை டாக்ஸியில் கொண்டு வந்தாய். இரண்டு மணி நேர டிராஃபிக்கில் அவள் கத்திய கத்தலில் டிரைவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார் என்றாய். எங்களுடையது சைவ வீடு. நான் பிறந்ததிலிருந்து மீனைக் கையால் தொட்டதில்லை. அவளுக்கோ சூரை மீன் குழம்பில் மிதக்கும் அந்த ஒரு பாக்கெட்டைத் தவிர உலகத்தில் வேறு சாப்பாடு கிடையாது. பின்பக்க பால்கனியில் தனி அலமாரி, தனிக் கத்தரிக்கோல், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பாக்கெட்டைக் கத்தரிக்க நான். அதிலும் மகாராணி முதலில் குழம்பை மட்டும் நக்குவாள். எவர்சில்வர் தட்டில் வைத்தால் தொடமாட்டாள், பீங்கான் சாஸர்தான் வேண்டும். பிடிக்காததை வைத்தால் முன்காலால் தரையைப் பறண்டுவாள், மலத்தை மூடுகிற மாதிரி. உன் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்குச் சிரிப்பு வரும். நீ போன வீட்டில் எனக்கு இருந்த ஒரே சிரிப்பு அதுதான்.

நீ போய் ஆறு மாதம் இருக்கும், அவள் தண்ணீரைத் தேடித் தேடிக் குடிக்க ஆரம்பித்தாள். முதுகெலும்பு கையில் தட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிறுநீரகம் என்றாள். உன் வயதுப் பெண், இந்த ஊர்க்காரி, எங்களோடு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள். இனி மீன் பாக்கெட் கூடாது, பால், தயிர், பனீர் எதுவும் கூடாது, சிறுநீரகத்துக்கென்று தனியாக இருக்கிற மருந்துச் சாப்பாடு மட்டும்தான் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "ஆனா மெதுவா மாத்துங்க ஆன்ட்டி. பூனை பட்டினி கிடந்தா ரெண்டு மூணு நாள்லயே ஈரல் கெட்டுப்போகும். சாப்பிடலைன்னா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்றாள். அதைக் காதால் கேட்டவள் நான். அதை நீ மனசில் வைத்துக்கொண்டு மேலே கேள்.

உன் அப்பா வேலை பார்த்ததே தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் ஆய்வுப் பிரிவில். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் கூட அந்தத் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதில்லை என்பது அவருடைய பெருமை. வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட தாளில் பட்டியல் தயார் செய்துவிட்டார். முதலில் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது, அப்புறம் பாதிப் பாதி, பிறகு முழுவதும் புதியது. காலை ஏழு மணிக்குச் சாஸரைத் தராசில் நிறுத்து வைப்பார், சாயங்காலம் ஆறு மணிக்கு மீதியை நிறுத்து எழுதுவார். முதல் நாள் சாயங்காலம் வைத்தது வைத்தபடி இருந்தது. "பசிச்சா தானே திங்கும். விட்டுப் பிடி" என்றார். இரண்டாம் நாளும் அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையைப் பறண்டினாள், அப்புறம் வந்து என் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாள். நான் டாக்டருக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் உன் அப்பாவோடு சண்டையாவது போட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் கொஞ்சம் பனீரும் எடுத்து வைத்தேன். ஒரு நொடியில் துடைத்து வைத்துவிட்டாள். அந்தச் சாஸரில் இருந்த கலவையில் பாதியை வழித்துக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினேன்.

அன்று சாயங்காலம் உன் அப்பா தராசைப் பார்த்துவிட்டு, "பாத்தியா? சாப்பிட்டிருக்கா!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார். ரிட்டயரான பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. சொல்ல வாய் வந்தது, விழுங்கிவிட்டேன். ஒரு நாள் செய்த பிறகு மறுநாள் செய்யாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நேற்றுச் சாப்பிட்டவள் இன்று ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்பார். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நம்பி, பத்தாம் நாளே முழுவதும் புதியதுக்கு மாற்றினார். நான் தினமும் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். சைனிக்புரியிலேயே சிறுநீரகம் பத்திரமாக இருக்கிற ஒரு தெருப்பூனை உண்டென்றால் அது அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த கறுப்பன்தான், அவ்வளவு விலை உயர்ந்த சாப்பாட்டை ஐந்து வாரம் தின்று கொழுத்தான். நீ ஃபோனில், "திந்தா லேதா அம்மா?" என்று கேட்பாய். சாப்பிட்டாளா இல்லையா என்று கேட்கக்கூட உனக்குத் தெலுங்குதான் முதலில் வரும். "நல்லாச் சாப்பிடுதாப்பா, ஒண்ணும் கவலைப்படாத" என்பேன். நம் ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் வேறு என்னதான் சொல்லியிருக்கிறோம்?

இனி நான் எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியாதது. உனக்கும் தெரியாது, அல்லது நினைவில்லை. எட்டு வயதில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. உப்பில்லை, எண்ணெயில்லை, வெறும் கஞ்சியும் மோரும் என்று அப்பா கண்டிப்பான பத்தியம் போட்டார். நீ தட்டைத் தள்ளி அழுதாய். "பிள்ள மட்டும் எப்படித் திங்கும்" என்று சொல்லி, அத்தனை நாளும் அவரும் உன்னோடு உட்கார்ந்து உப்பில்லாக் கஞ்சியே குடித்துவிட்டு வேலைக்குப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் உனக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. "அப்பாட்ட சொல்லாத" என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். தெளிந்து வந்த காமாலை மறுபடி ஏறியது. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா டாக்டரிடம் சண்டை போட்டார், வேறு டாக்டரிடம் மாற்றினார். என்னிடம் வந்து, "நான் எங்கயோ பத்தியத்தச் சரியாப் பாக்கல போலிருக்கு" என்றார். வராந்தாவில் நின்று அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். அப்போதும் நான் வாயைத் திறந்தேனா? இல்லை. அப்பளத்தால்தான் ஏறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை தானாகவே ஏறியிருக்கலாம். ஆனால் உங்கள் மேல் தவறே இல்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? இத்தனை வருஷம் அவர் அதை எங்கே வைத்திருந்தாரோ. இங்க பாருங்க, உங்களைத்தான் சொல்கிறேன், நீங்கள் பத்தியத்தைச் சரியாகத்தான் பார்த்தீர்கள். நான்தான் கெடுத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள். இப்போது பிள்ளைக்கு மிச்சத்தை வாசியுங்கள்.

ஐந்தாவது வாரம் புஜ்ஜிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அன்று உனக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம், நீ வீடியோவில் இருந்தாய். அப்பா தாள்களை ஃபைலில் போட்டு எடுத்து வந்திருந்தார். டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிக் கொண்டு வந்ததில்ல" என்றாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் அவள் ரத்தச் சீட்டை எடுத்தாள். எல்லாம் ஏறியிருந்தது. "அஞ்சு வாரமா இந்தச் சாப்பாட்டச் சாப்பிட்டும் இப்படி ஏறுதுன்னா, நோய் நம்ம கையில இல்ல அங்கிள். ட்ரிப் ஏத்தலாம். ஆனா திரும்பத் திரும்ப இதேதான் நடக்கும். நிம்மதியா போக விடுறதைப் பத்தியும் யோசிங்க" என்றாள். நீ திரையில் கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரிந்தது. "அம்மா, அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம்மா. ஊசி போடும்போது நீ மடியில வச்சுக்கோ" என்றாய். சனிக்கிழமை என்று முடிவானது. இரண்டு பேரும் அந்தத் தாள்களை நம்பி முடிவெடுத்தீர்கள். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் நான் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டியது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. அந்தப் பெண் அவரைப் பாராட்டிய அதே இடத்தில் அவரை எப்படி அவமானப்படுத்துவது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதுவும் சாக்குதான். என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து சாஸரில் மருந்துச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் மறுக்காமச் சாப்பிட்டா. நான் சொன்னதக் கேட்டது இந்த வீட்டுலயே இவ ஒருத்திதான்" என்று அவள் தலையைத் தடவினார். புஜ்ஜி சாஸரைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"அவ ஒரு வாய் கூடச் சாப்பிடல" என்றேன்.

"என்ன சொல்லுத?"

"நான்தான் தினமும் தயிரும் பனீரும் கொடுத்தேன். இதை எல்லாம் வெளிய கொட்டினேன். முதல் வாரத்துல இருந்தே."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய் ஃபைலை எடுத்தார். வாரத்துக்கு ஒன்றாக இருந்த ஐந்து தாளிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார், ஒவ்வொன்றிலும் 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், வேலையில் தேறாத சரக்கைத் திருப்பி அனுப்பும்போது செய்கிற மாதிரி. அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு. டாக்டர்ட்ட நீயே சொல்லு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, நாளான்னிக்கு நான் என் கையால ஊசி போட்டிருப்பேனே" என்றாள். கோபமும் பயமும் சேர்ந்து அவள் குரலே மாறிவிட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். அப்புறம் அவள் அப்பா பக்கம் திரும்பி, பூனை பசித்தால் தின்னும் என்று யார் சொன்னது, அவர் பிடிவாதத்தால்தான் நான் ஒளித்தேன் என்று அவரையும் திட்டினாள். கடைசியில், "ஜபர்தஸ்தி நக்கோ, ஜூட் பீ நக்கோ" என்றாள். கட்டாயமும் வேண்டாம், பொய்யும் வேண்டாம் என்று அர்த்தம். மூன்று நாள் ட்ரிப் ஏற்றினார்கள். சனிக்கிழமை வந்து போனது. உனக்கு ஃபோனில், "டாக்டர் வேற வழி பாக்குதாங்க" என்று மட்டும் சொன்னோம். அந்தப் பொய்யில் அப்பாவும் சேர்ந்துகொண்டார், எனக்காக.

திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். வாந்தி உணர்வு நிற்க மருந்து கொடுத்து, பழைய மீன் பாக்கெட்டையே வைத்து, முதலில் அவளைச் சாப்பிட வைத்தோம். சாஸர் ஓரத்தில் ஒரு அரிசி அளவு புதியது. அதை அவள் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். நாலு நாள் கழித்து இரண்டு அரிசி அளவு. மருந்துச் சாப்பாட்டிலேயே மூன்று வகை வாங்கிப் பார்த்தோம். கூழ் மாதிரி இருந்தது பிடிக்கவில்லை, துண்டு துண்டாக இருந்ததைக் கொஞ்சம் முகர்ந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வைத்தால் வாசனை வராது என்று டாக்டர் சொன்னதால், அப்பா கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்த்து வைப்பார். உனக்குப் பால் ஆற்றும்போது நான் செய்தது அது, அவர் ஒரு நாளும் செய்ததில்லை. மாத்திரைப் பொடியை மட்டும் சாப்பாட்டில் கலக்கக் கூடாது, கசப்பு நினைவில் தங்கிவிடும் என்பதால் அதைத் தனியாகக் கொடுத்தோம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவள் சாப்பிடுகிறாள் என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், அவளைப் பார்க்காத மாதிரி. எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டும். முழுதும் மாற மூன்று மாதம் ஆயிற்று. பட்டியலில் அவர் பூஜ்யம் என்று எழுதிய நாள்கள் எத்தனையோ. ஒவ்வொரு பூஜ்யத்தையும் என்னிடம் காட்டி, "சரிதானா?" என்று கேட்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் சரிதான் என்று சொல்ல முடிந்ததே. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தாள்.

இதைக் கல்யாணப் பத்திரிகை அடித்த கையோடு ஏன் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். நீயும் என்னைப் போலத்தான், தம்பி. யாருக்கும் மனசு கஷ்டப்படக் கூடாது என்று வேலை போனதை எங்களிடம் இரண்டு மாதம் மறைத்தாயே, எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? அது என்னிடமிருந்து வந்த குணம். பாசம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். ஸ்ரவந்தியிடம் அதைச் செய்யாதே. அவள் சமைத்தது பிடிக்கவில்லை என்றால் சொல்லு, பயமாக இருந்தால் சொல்லு, ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லு. சண்டை வரட்டும். உன் அப்பாவுக்கு எதிரே நின்று ஒரு தடவை, "இது தப்பு, பிள்ளைக்கு இது ஆகாது" என்று நான் சண்டை போட்டிருந்தால், அவர் கேட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கேட்க அவருக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை.

இனி, இன்றைய நிலவரம். மூன்று வாரமாக அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். இந்த முறை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் ஒளிக்கவில்லை. நோய்தான் முற்றிவிட்டது. நேற்று டாக்டர் பார்த்தாள். "மாசக் கணக்கு இல்ல அங்கிள், வாரக் கணக்குதான்" என்றாள். எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், இனி பத்தியம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. காரில் வரும்போது அப்பா, "கல்யாண நேரத்துல பிள்ளை மனசக் கெடுக்க வேண்டாம். வந்தப்புறம் பக்குவமாச் சொல்லிக்கிடலாம்" என்றார். எழுதியதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பவர்தான் சொல்கிறார். நானும் பழக்க தோஷத்தில் சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நீ அனுப்பியிருந்த குரல் செய்தியைப் போட்டுக் கேட்டேன். புஜ்ஜி எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்ல பட்டனை அழுத்தினேன். "நல்லாச்" என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. அழித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இன்று காலை பதினோரு கிராம் சாப்பிட்டாள், அதுவும் மீன் குழம்பு. மத்தியானம் தயிர் வைத்தேன், நக்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு உன் அறைக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறாள். நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, தம்பி, அவள் சாப்பிடவில்லை. ஏழு வாரம் தாங்கமாட்டாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இந்த வாரமே வா.

அம்மா